அழகுசாதனப் பண்டங்களும் மாநிலச் சட்டங்களும்: அமெரிக்க அனுபவம் பற்றிய ஒரு நோக்கு

1

இலக்கிய ஆய்வாளர் பனுவல்களைப் படிப்பவர். பனுவல் என்றதும் செய்யுளும் நாவலும் நாடகமுமே நமது நினைவுக்கு வருகின்றன. ஆயினும் இன்றைய சமுதாயத்தில் மிகப் பெருந்தொகையான மக்களின் கைகளைச் சென்றடையும் பனுவல்கள் வேறு வகையின. தலைமயிர்ச் சாயம், முகக்களிம்பு, நகப்பூச்சு, வாசனைத் தைலம் ஆகியவற்றின் புட்டிகளில் ஒட்டப்பட்டிருக்கும் சுட்டுத்துண்டுகள் அவற்றுள் ஒருவகை. அவற்றில் எது எழுதப்படுகின்றது, எது எழுதாது விடப்படுகின்றது, எழுதப்பட்ட சொல் எதனைச் சுட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்னும் வினாக்கள் மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றலாம். ஆனால் அவ்வினாக்களுக்கான விடை, புட்டியைத் திறப்பவரின் தோலிலும் நுரையீரலிலும் பதிவாகின்றது.

ஐக்கிய அமெரிக்காவில் அழகுசாதனங்களிற் கலக்கப்படும் நச்சு இரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் பொருட்டுக் கடந்த இருபது ஆண்டுகளாக மாநிலங்கள் இயற்றிவரும் சட்டங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மாநிலம் என இங்கு நாம் குறிப்பது கலிபோர்னியா, வொஷிங்டன், மினசோட்டா முதலிய கூட்டாட்சி உறுப்புகளையே. முழு நாட்டுக்குமான சட்டவாக்க அதிகாரம் உடையதனை மத்திய அரசு என்போம். மத்திய அரசு செய்யாது விட்டதை மாநிலங்கள் செய்ய நேர்ந்தது எவ்வாறு? தொடக்கத்தில் இச்சட்டங்களை எதிர்த்த உற்பத்தி நிறுவனங்கள் பின்னர் அவற்றுக்கு உடன்பட்டது ஏன்? இச்சட்டங்கள் யாரைக் காக்கின்றன, யாரைக் காக்கத் தவறுகின்றன? இம்மூன்று வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. மூன்றாவது வினாவே அவற்றுள் முதன்மையானது என்பது நமது கருத்து.

2

உடலைப் புனைவது மனித குலத்தின் தொன்மையான வழக்கங்களுள் ஒன்று. அதனைப் பழித்துரைப்பது நமது நோக்கமன்று. மஞ்சளை அரைத்துப் பூசிய பெண், தான் பூசுவது யாதென அறிந்திருந்தாள். அரைத்தவளும் பூசியவளும் ஒருத்தியாகவோ ஒரே வீட்டினராகவோ இருந்தனர். அழகுசாதனம் தொழிற்சாலையில் உற்பத்தியாகும் பண்டமாக மாறியபோது இவ்வறிவு அறுபட்டது. செய்பவர் ஓரிடத்தில், விற்பவர் ஓரிடத்தில், பூசிவிடும் தொழிலாளி ஓரிடத்தில், பூசப்படுபவர் ஓரிடத்தில் எனப் பிரிந்து நிற்க, உள்ளடக்கம் பற்றிய அறிவு உற்பத்தியாளரின் தனிச் சொத்தாயிற்று. வீட்டில் அரைத்த மஞ்சளுக்குச் சுட்டுத்துண்டு வேண்டியிருக்கவில்லை. அறிவு பிரிந்த இடத்திலேதான் அது தோன்றுகின்றது.

அமெரிக்காவில் 1906ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தூய உணவு, மருந்துச் சட்டம் அழகுசாதனங்களைத் தனது வரம்பினுள் அடக்கவில்லை. அதன் விளைவு 1930களிற் புலனாயிற்று. எலி நஞ்சாகவும் பயன்பட்ட தாலியம் அசிற்றேற்றைக் கொண்ட மயிர்நீக்கிக் களிம்பொன்று பலரது நரம்புகளைப் பாதித்தது. 'லாஷ் லூர்' எனும் இமைமயிர்ச் சாயத்தில் இருந்த பராபினிலீன்டையமீன் என்னும் இரசாயனம் ஒரு பெண்ணின் கண்பார்வையைப் பறித்தது; பிறிதொரு பெண் இறந்தார். உணவு, மருந்து நிருவாகத்தின் அதிகாரிகள் இத்தகைய பண்டங்களையும் அவை விளைத்த கேடுகளைக் காட்டும் படங்களையும் 1933இல் ஒரு கண்காட்சியாக வைத்தனர். பத்திரிகையாளர் அதற்கு இட்ட பெயர் 'பயங்கரங்களின் அறை' என்பதாகும். அதே ஆண்டிற் சட்டமூலமும் முன்வைக்கப்பட்டது. ஆயினும் அது சட்டமாவதற்கு ஐந்து ஆண்டுகள் சென்றன. 1937இல் நச்சுக் கரைப்பான் கலந்த ஒரு மருந்தினால் நூற்றுக்கு மேற்பட்டோர், அவர்களுட் பல சிறுவர்கள், இறந்த பின்னரே 1938 யூன் 25ஆம் நாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ற் மத்திய உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டத்திற் கையொப்பமிட்டார்.

அச்சட்டம் முன்னேற்றமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் அமைப்பை உற்று நோக்குமிடத்து இரு குறைபாடுகள் தெரியவருகின்றன. முதலாவது, புதிய மருந்தொன்றைச் சந்தைக்குக் கொண்டுவருமுன் அது தீங்கற்றது எனக் காட்டும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது. அழகுசாதனத்துக்கு அத்தகைய முன் அனுமதி வேண்டியிருக்கவில்லை. கேடு விளைந்த பின்னர், அது கேடு என நிறுவும் பாரம் அரசின்மீது விழுந்தது. இரண்டாவது, நிலக்கரித் தாரிலிருந்து பெறப்படும் தலைமயிர்ச் சாயங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. எச்சரிக்கை வாசகமொன்றைப் பொறித்துவிட்டால், அச்சாயம் தோலுக்குத் தீங்கு விளைப்பினும் அதனைக் கலப்படப் பண்டமெனக் கைப்பற்றல் ஆகாது. இமைமயிர்ச் சாயத்துக்கு இவ்விலக்கு வழங்கப்படவில்லை. கண்காட்சியிற் பொதுமக்கள் கண்டு அதிர்ந்த கேட்டுக்கு மாத்திரம் சட்டம் கதவடைத்தது எனலாம்.

3

1938இன் சட்டம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெருமாற்றமின்றி நிலைத்தது. மத்திய நிருவாகம் அக்காலப் பகுதியில் அழகுசாதனங்களில் தடைசெய்த அல்லது மட்டுப்படுத்திய பொருள்களும் பொருட்டொகுதிகளும் ஏறத்தாழ 11 மாத்திரமே. ஐரோப்பாவிலோ 1976இன் பணிப்புரையும் அதன் இடத்தில் வந்த 2009இன் ஒழுங்குவிதியும் தடைசெய்த பொருள்கள் 1,300இற்கும் மேற்பட்டன. இவ்வெண்களை மாத்திரம் ஒப்பிட்டு முடிவுக்கு வருதல் பொருந்தாது. ஐரோப்பியப் பட்டியலிலுள்ள பல பொருள்கள் எக்காலத்தும் அழகுசாதனத்திற் கலக்கப்படாதவை. ஆயினும் இரு முறைகளுக்கும் அடிப்படையான தத்துவ வேறுபாடு உண்மையானது. ஒன்று தீங்கை முற்கூட்டித் தவிர்க்க முனைவது. மற்றது தீங்கு நிறுவப்படும்வரை வணிகச் சுதந்திரத்தைப் பேணுவது.

அமெரிக்காவில் உட்பொருள்களின் பாதுகாப்பை மதிப்பிடும் பணியை 1976 முதல் மேற்கொண்டுவந்த குழு, அத்தொழிற்றுறையின் வணிகச் சங்கத்தினாலேயே அமைக்கப்பட்டு அதன் நிதியினாலேயே இயங்குவது. அதில் அமர்ந்த அறிஞர்களின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. மதிப்பிடப்படுபவனே மதிப்பிடுபவனுக்குப் படியளக்கும் ஏற்பாட்டையே சுட்டுகின்றோம்.

உட்பொருள்களைச் சுட்டுத்துண்டில் வரிசைப்படுத்த வேண்டுமென்ற விதி 1970களில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதில் இரு மௌனங்கள் எஞ்சின. முதலாவது மௌனம் 'நறுமணம்' என்னும் சொல். பல பத்து இரசாயனங்களின் கலவையாக அமையக்கூடிய ஒன்றை இந்த ஒரே சொல்லாற் குறிப்பிட விதி இடமளித்தது. கலவையின் விபரம் வணிக இரகசியம் எனப் பேணப்பட்டது. வாசனையை நீடித்து நிற்கச் செய்யும் தலேற்றுச் சேர்வைகள் இச்சொல்லின் மறைவிலேயே இடம்பெற்றன. இரண்டாவது மௌனம் தொழில்முறைப் பாவனைக்கான பண்டங்களைச் சார்ந்தது. கடையில் வாடிக்கையாளர் வாங்கும் புட்டிக்கே அவ்விதி பொருந்தியது. சிகையலங்கார நிலையத்திற் பயன்படுத்தப்படும் புட்டிக்கு அது பொருந்தவில்லை. வாரத்துக்கொரு முறை பூசுபவர் உட்பொருளை அறியலாம். நாள்தோறும் எட்டு மணிநேரம் அதே பொருளைக் கையாளும் தொழிலாளி அறிய வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். நுகர்வோர் என்ற வகைக்குட் சட்டம் மனிதரைக் கண்டது. உழைப்போர் என்ற வகைக்குட் காணவில்லை.

4

இம்முரண்பாட்டைத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு, தலைமயிரை நேராக்கும் திரவங்களாகும். சுருண்ட மயிரிலுள்ள கெரற்றின் என்னும் புரதத்தைப் புதிய நிலையில் பிணைத்து நிறுத்தப் போமல்டிஹைட்டு பயன்படுகின்றது. திரவத்தை மயிரிற் பூசி, காற்றினால் உலர்த்தி, சூடேறிய தட்டினால் அழுத்துவர். அவ்வெப்பத்திற் போமல்டிஹைட்டு வாயுவாக வெளிப்படுகின்றது. அதனை முதலிலும் தொடர்ந்தும் சுவாசிப்பவர், நாற்காலியில் அமர்ந்திருப்பவரைவிட அவருக்குப் பின்னால் நிற்கும் தொழிலாளியே. போமல்டிஹைட்டு மனிதரிற் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் உறுதிப்படுத்தியது.

2010ஆம் ஆண்டில் ஒறிகன் மாநிலத்திற் சிகையலங்காரத் தொழிலாளர் மூச்சுத்திணறல், கண்ணெரிவு, மூக்கிலிருந்து குருதி வடிதல் ஆகியன குறித்து முறையிட்டபோது, மாநிலத்தின் தொழிற் பாதுகாப்பு அதிகாரிகளும் பல்கலைக்கழக ஆய்வாளரும் மாதிரிகளைப் பெற்றுப் பரிசோதித்தனர். 'போமல்டிஹைட்டு அற்றது' எனப் பொறிக்கப்பட்டிருந்த திரவத்திற் சராசரியாக 8 வீதத்துக்கு மேற்பட்ட போமல்டிஹைட்டு காணப்பட்டது.

உற்பத்தியாளர் தரப்பின் விளக்கம் இலக்கிய மாணவர் கவனத்துக்கு உரியது. போமல்டிஹைட்டு ஒரு வாயு. அது நீரிற் கரைந்ததும் மெதிலீன் கிளைக்கோல் என்னும் வேறு பொருளாகி விடுகின்றது. ஆகவே புட்டியினுள் இருப்பது போமல்டிஹைட்டு அன்று என வாதிடப்பட்டது. பெயரளவில் இது பொய்யன்று. ஆனால் சூடேற்றியதும் அதே வாயு திரும்பவும் எழுகின்றது. புட்டிக்குள் ஒரு பெயர், தொழிலாளியின் மூச்சுக்குள் மற்றொரு பெயர்! சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான இந்த இடைவெளியே இலாபத்தின் உறைவிடமாயிற்று.

கலிபோர்னியா மாநிலத்தின் சட்டமா அதிபர் தொடுத்த வழக்கு 2012இல் இணக்கத்துக்கு வந்தது. அந்நிறுவனம் எச்சரிக்கை வாசகத்தைச் சேர்க்கவும், போமல்டிஹைட்டு அற்றது என விளம்பரப்படுத்துவதைக் கைவிடவும், 6 இலட்சம் டொலர் செலுத்தவும் உடன்பட்டது. ஆனால் பண்டம் தொடர்ந்து விற்பனையாயிற்று. எச்சரிப்பதற்கும் தடைசெய்வதற்கும் உள்ள தூரம் இதனாற் புலனாகும். மத்திய நிருவாகமோ நேராக்கும் திரவங்களில் போமல்டிஹைட்டைத் தடைசெய்யும் விதியொன்றை முன்மொழிய உள்ளதாக 2023இலேயே அறிவித்தது. அதற்குக் குறித்த 2024 ஏப்ரல், விதி வெளிவராமலே கடந்தது.

5

நகப்பராமரிப்பு நிலையங்களின் நிலையும் இதனையொத்ததே. கலிபோர்னியாவில் இத்தொழிலில் ஈடுபட்டோருட் பெரும்பான்மையோர் வியற்நாமியக் குடியேற்றப் பெண்கள். நகப்பூச்சிலுள்ள தொலுயீன், போமல்டிஹைட்டு, டைபியூற்றைல் தலேற்று ஆகிய மூன்றையும் 'நச்சு மூவர்' என அவர்களிடையே பணிபுரிந்த இயக்கத்தினர் பெயரிட்டு வழங்கினர். அம்மாநிலத்தின் நச்சுப்பொருள் கட்டுப்பாட்டுத் திணைக்களம் 2012இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தொலுயீன் அற்றது எனக் கூறிய 12 பண்டங்களில் 10இல் அது இருந்தது. இப்பெண்களுட் பலர் சம்பளப் பட்டியலில் இல்லாது 'தனித்தொழில் புரிவோர்' எனக் கணிக்கப்பட்டமையால், தொழிற் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பும் அவர்களுக்கு எட்டவில்லை. அவர்கள் நுகர்வோருமல்லர், சட்டத்தின் பார்வையில் தொழிலாளருமல்லர்.

இப்பின்னணியிலேயே மாநிலச் சட்டங்களின் வளர்ச்சியை நாம் நோக்க வேண்டும். அவ்வளர்ச்சியில் மூன்று படிநிலைகளை இனங்காணலாம்.

முதற்படி, பேச வைத்தல். 2005ஆம் ஆண்டின் கலிபோர்னிய பாதுகாப்பான அழகுசாதனச் சட்டம் எந்த இரசாயனத்தையும் தடைசெய்யவில்லை. புற்றுநோயையோ இனப்பெருக்கக் கேட்டையோ விளைப்பதாக அறியப்பட்ட அல்லது ஐயுறப்படும் உட்பொருள்களைக் கொண்ட பண்டங்களை உற்பத்தியாளர் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பதே அதன் சாரம். மார்பகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டோர் சார்பில் இயங்கிய அமைப்பொன்று அதன் பின்னணியில் நின்றது. வணிகச் சங்கம் எதிர்த்தது. அதே மாநிலம் 2018இல் இயற்றிய சட்டமொன்று, தொழில்முறைப் பண்டங்களிலும் உட்பொருள்கள் பொறிக்கப்பட வேண்டுமென விதித்து 2020 யூலை முதல் நடைமுறைக்கு வந்தது. 'நறுமணம்' என்ற சொல்லின் மறைவிலிருந்த அபாயகரமான பொருள்களை அறிவிக்கும்படி 2020இன் மற்றொரு சட்டம் பணித்தது. மேற்காட்டிய இரு மௌனங்களும் இவ்வாறே கலைக்கப்பட்டன.

இரண்டாம் படி, பெயர் சுட்டித் தடைசெய்தல். மத்திய அரசு 1973இலேயே பாதரசத்தை மட்டுப்படுத்தியிருந்தது. ஆயினும் கண்ணைச் சூழப் பூசும் பண்டங்கள் கெடாதிருக்கும் பொருட்டு, பத்து இலட்சத்தில் 65 பங்குவரை அதனைச் சேர்க்க இடமளித்தது. 2007இல் மினசோட்டா இயற்றிய சட்டம் அவ்விலக்கையும் ஏற்காது, வேண்டுமென்றே சேர்க்கப்படும் பாதரசத்தை அழகுசாதனங்களில் முற்றாகத் தடுத்தது. 2020இல் கலிபோர்னியா 24 உட்பொருள்களைப் பெயர் சுட்டித் தடைசெய்தது. 2025 சனவரி முதல் அது நடைமுறையாயிற்று. அப்பட்டியலில் போமல்டிஹைட்டுக்கு அருகே மெதிலீன் கிளைக்கோலும் இடம்பெற்றமை கவனிக்கத்தக்கது. பெயரை மாற்றித் தப்பும் வழி அந்த ஒரு சொல்லால் அடைக்கப்பட்டது. 2021இல் மேரிலண்ட் அதனைப் பின்பற்றியது. 2023இல் கலிபோர்னியா மேலும் 26 பொருள்களைச் சேர்த்து, 2027 சனவரியைத் தொடக்க நாளாகக் குறித்தது.

மூன்றாம் படி, இனமாகத் தடைசெய்தல். ஒரு சேர்வை தடைசெய்யப்பட்டதும் அமைப்பிற் சிறிது வேறுபட்ட மற்றொன்றை அதனிடத்தில் வைப்பது தொழிற்றுறையின் வழமை. 'பி.எஃப்.ஏ.எஸ்.' எனப்படும் புளோரீன் சேர்வைகள் இதற்குத் தக்க உதாரணம். இயற்கையில் எளிதிற் சிதையாத இவை, நீரிற் கரையாத இமைமைக்கும் நீடித்து நிற்கும் உதட்டுச் சாயத்துக்கும் உதவுவன. வட அமெரிக்கச் சந்தையில் வாங்கிய 231 பண்டங்களைச் சோதித்த ஆய்வொன்று, அவற்றுள் 52 வீதமானவற்றில் உயர்ந்த அளவு புளோரீன் இருந்ததை 2021இல் வெளியிட்டது. கலிபோர்னியாவின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வினத்துட் சிலவற்றையே பெயர் சுட்டிற்று. 2022இன் சட்டம் வேண்டுமென்றே சேர்க்கப்படும் அவ்வினம் முழுவதையும் தடுத்தது. வொஷிங்டன் மாநிலத்தின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வழியில் மேலும் முன்னேறியது. புளோரீன் சேர்வைகளையும் தலேற்றுகளையும் மாத்திரமன்றி, போமல்டிஹைட்டை மெல்ல வெளிவிடும் பொருள்களையும் அது இனமாகவே கருதியது. சிறு உற்பத்தியாளரும் சிகையலங்காரத் தொழிலாளரும் தீங்கற்ற மாற்றுகளுக்குச் செல்ல உதவும் ஏற்பாட்டையும் அது கொண்டிருந்தது. தடையின் சுமை தொழிலாளியின் தலையில் விழாது பார்த்துக்கொண்ட இவ்வேற்பாடு முன்னுதாரணமாகக் கொள்ளத்தக்கது.

6

இவ்வளர்ச்சியில் ஒரு புதிர் உள்ளது. 2005இல் எதிர்த்து நின்ற வணிகச் சங்கம், 2020இல் 24 பொருள்களின் தடைக்கு ஆதரவு தெரிவித்தது. மனமாற்றம் என இதனை விளக்குவோர் உளர். நாம் பொருளியற் காரணத்தைத் தேட வேண்டும். அந்த 24 பொருள்களும் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏலவே தடைசெய்யப்பட்டிருந்தவை. இரு கண்டங்களிலும் விற்கும் பெரு நிறுவனம் ஒன்றுக்கு இரு வகை உற்பத்தியைப் பேணுவது செலவு. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் விதிகள் அதனிலும் பெருஞ்செலவு. மலிவான உட்பொருளைத் தொடர்ந்தும் பயன்படுத்தும் போட்டியாளனை ஒரே விதிக்குட் கட்டுவதோ நன்மை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலத் தொழிற்சாலைச் சட்டங்களை ஆராய்ந்த மார்க்ஸ், ஒரு துறையில் வேலைநேரம் மட்டுப்படுத்தப்பட்டதும், கட்டுப்பட்ட முதலாளிகளே ஏனைய துறைகளுக்கும் அக்கட்டுப்பாட்டை விரிக்கக் கோரியதை மூலதனத்திற் காட்டியுள்ளார். போட்டி நிலைமைகளைச் சமப்படுத்த விழைவது மூலதனத்தின் இயல்பு. இதிலிருந்து சட்டம் முதலாளிகளின் சூழ்ச்சி என்ற முடிவுக்கு வருதல் தவறு. முதற் கட்டுப்பாட்டை வென்றெடுத்தது போராட்டம். அது பரவுவதற்கு மூலதனத்தின் உள்முரண்பாடும் உதவியது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே இயங்கியல் நோக்கு.

2022 டிசெம்பர் 29ஆம் நாள் நிறைவேறிய மத்திய அழகுசாதன ஒழுங்குமுறை நவீனமயமாக்கற் சட்டத்தையும் இவ்வாறே மதிப்பிட வேண்டும். தொழிற்சாலைகளைப் பதிதல், பாரதூரமான தீய விளைவுகளை 15 வேலை நாள்களுள் அறிவித்தல், பண்டத்தைத் திரும்பப் பெறுமாறு கட்டளையிடும் அதிகாரம் என்பன 1938இற்குப் பின்னர் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றங்களாகும். எனினும் அச்சட்டம் தானாக எந்த உட்பொருளையும் தடைசெய்யவில்லை. பதிவு, உற்பத்தி நடைமுறை, திரும்பப் பெறுதல் முதலியவற்றில் மாநிலங்கள் வேறு விதி வகுப்பதையும் அது தடுத்தது. ஆனால் ஓர் உட்பொருளைத் தடைசெய்யவோ அதன் அளவை மட்டுப்படுத்தவோ மாநிலத்துக்குள்ள அதிகாரத்தை அது தொடவில்லை. இந்த ஒரு வாயில் திறந்திருப்பதனாலேயே 2022இற்குப் பின்னரும் வொஷிங்டன், ஒறிகன், வேர்மொன்ற் முதலிய மாநிலங்கள் சட்டமியற்ற இயன்றது.

7

இனி மூன்றாவது வினாவுக்கு வருவோம். இலண்டன் ரொட்டித் தொழிலாளர் பற்றி மூலதனத்தில் இடம்பெறும் பகுதியை வாசகர் நினைவுகூரலாம். ரொட்டியிற் படிகாரமும் அழுக்கும் வியர்வையும் கலந்திருந்த செய்தி வெளியானபோது ஆங்கிலப் பொதுமக்கள் கொதித்தெழுந்தனர். இரவு முழுவதும் உறங்காது மாப் பிசைந்த தொழிலாளியின் அவலத்தைவிட, தின்பவரின் அருவருப்பே அன்று வலுவாக ஒலித்தது என மார்க்ஸ் எள்ளலோடு சுட்டுகின்றார். 1860இன் கலப்படத் தடைச் சட்டம் பயனற்றுப் போயிற்று. ஆயினும் 1863இல் இயற்றப்பட்ட ரொட்டிச்சாலைச் சட்டம், 18 வயதுக்குக் குறைந்தோரின் இரவு வேலையையும் தடைசெய்தது. தின்பவரின் வயிற்றிலிருந்து தொடங்கிய சட்டம் உழைப்பவரின் உறக்கம்வரை ஓரளவேனும் சென்றது.

அழகுசாதனச் சட்டங்களும் பெரும்பாலும் நுகர்வோர் என்ற வகையிலிருந்தே தொடங்குகின்றன. அதனால் அவற்றை இகழ வேண்டியதில்லை. புட்டியிலிருந்து அகற்றப்பட்ட நஞ்சு, வாங்குபவருக்கும் பூசிவிடுபவருக்கும் தொழிற்சாலையிற் கலப்பவருக்கும் ஒருங்கே அகற்றப்படுகின்றது. எச்சரிக்கை வாசகம் தெரிவுச் சுதந்திரமுடைய வாடிக்கையாளருக்கு உதவலாம். வேலையை விட்டால் வேறு வழியற்ற தொழிலாளிக்கு உதவாது. எச்சரிக்கையைவிடத் தடை மேலானது என நாம் கொள்வதற்கு இந்த வர்க்கக் காரணமே போதும்.

ஆயினும் சட்டம் எட்டாத ஓரிடம் உண்டு. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் ஆய்வொன்று 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து 2022இல் முடிவுகளை வெளியிட்டது. மயிரை நேராக்கும் பண்டங்களைப் பயன்படுத்தாதோரில் 70 வயதுக்குட் கருப்பைப் புற்றுநோய் ஏற்படும் வாய்ப்பு 1.64 வீதம், அடிக்கடி பயன்படுத்துவோரில் 4.05 வீதம். எந்த உட்பொருள் காரணம் என்பதை அவ்வாய்வு இனங்காணவில்லை. ஆனால் பயன்படுத்துவோராகத் தம்மைக் குறிப்பிட்டவர்களுள் ஏறத்தாழ 60 வீதத்தினர் கறுப்பினப் பெண்கள் என்ற உண்மை, வேறொரு வினாவை எழுப்புகின்றது. சுருண்ட மயிரை அவர்கள் ஏன் நேராக்க வேண்டும்? இயல்பான மயிர் 'ஒழுங்கற்றது' எனக் கருதப்பட்டு வேலையும் பாடசாலை அனுமதியும் மறுக்கப்பட்ட சமுதாயத்தில், அது விருப்பத்தெரிவு எனக் கூறுதல் எங்ஙனம்? 2019இல் கலிபோர்னியா, மயிரின் இயல்பையும் அதனைப் பின்னும் முறையையும் காரணங்காட்டி வேலைத்தலத்திலும் பாடசாலையிலும் பாகுபாடு செய்வதைத் தடைசெய்தது. அவ்வகையில் முதல் மாநிலமும் அதுவே. நச்சுப்பொருட் சட்டமாக யாரும் அதனை வகைப்படுத்துவதில்லை. ஆயினும் நஞ்சை நாடச் செய்யும் சமூக நிர்ப்பந்தத்தை அது தொடுகின்றமையால், 24 பொருள்களின் பட்டியலோடு சேர்த்தே அதனையும் படிக்க வேண்டும் என்பது நமது துணிபு.

இவ்வினா நமக்கு அந்நியமானதன்று. மினசோட்டா 2007இலேயே பாதரசத்தைத் தடைசெய்த போதிலும், தோலை வெண்மையாக்கும் பாதரசக் களிம்புகள் அங்குள்ள குடியேற்ற மக்களிடையே, வெளிநாடுகளிலிருந்து வந்து புழங்கியமை பின்னரும் கண்டறியப்பட்டது. தோலுக்கு நிறமூட்டும் மெலனின் உருவாவதைத் தடுக்கும் பாதரசம், சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்குகின்றது. அதே களிம்புகளின் சந்தை தென்னாசியாவிலும் உண்டு. அழகுசாதனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டமொன்று இலங்கையில் 1980இலேயே இயற்றப்பட்டது. ஆயினும் பாதரசம் கலந்த வெண்மையாக்கிகளை ஒழிக்கும் சர்வதேசத் திட்டமொன்று 2023இல் தொடங்கப்பட்டபோது, கபோன், யமேக்கா ஆகியவற்றோடு அதில் இணைந்த மூன்றாவது நாடு இலங்கையாகும். அதே ஆண்டில் ஜெனீவாவிற் கூடிய மினமாற்றா உடன்படிக்கை நாடுகள், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என முன்னர் விட்டுவைத்த எல்லையையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் அனைத்தையும் தடைசெய்யத் தீர்மானித்தன. சட்டம் இறுகுகின்றது. ஆனால் மணமகள் விளம்பரத்தில் 'சிவந்த நிறம்' கேட்கப்படும்வரை களிம்புக்குக் கேள்வி இருந்துகொண்டே இருக்கும். நிறத்தை உயர்வு தாழ்வின் அடையாளமாக்கிய கருத்துநிலை, சுங்கச் சாவடியிற் பிடிபடும் பொருளன்று.

8

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. மாநிலச் சட்டங்கள், அரசு மூலதனத்தின் கருவி மாத்திரமே என்ற எளிய சூத்திரத்துக்கு அடங்காதவை. அரசு என்பது போராட்டம் நிகழும் களமுமாகும் என்பதையும், ஒரு தளத்தில் அடைபட்ட வழி மற்றொரு தளத்திற் திறக்கப்படலாம் என்பதையும் அவை மெய்ப்பிக்கின்றன. இரண்டாவதாக, அறிவித்தலிலிருந்து தடைக்கும், தனிப்பொருளிலிருந்து இனத்துக்கும் சட்டம் நகர்ந்தபோதெல்லாம், நிரூபிக்கும் பாரம் பாதிக்கப்பட்டவரின் தோளிலிருந்து உற்பத்தியாளரின் தோளுக்குச் சிறிது சிறிதாக மாறியது. முன்னேற்றத்தை அளக்கும் கோலாக இதனையே கொள்ள வேண்டும். தடைசெய்யப்பட்ட பொருள்களின் எண்ணிக்கையை அன்று. மூன்றாவதாக, சட்டம் நஞ்சைப் புட்டியிலிருந்து அகற்றலாம். அப்புட்டியை நாடச் செய்யும் சமூக உறவுகளை மாற்றுவது பரந்துபட்ட இயக்கத்தின் பணி. கலை இலக்கியத் துறையினர்க்கு அப்பணியிற் பங்குண்டு. அழகு பற்றிய கருத்துகள் உருவாவதும் உடைவதும் பெருமளவுக்கு நமது துறையிலேதான்.

சுட்டுத்துண்டைப் படிக்கக் கற்றுக்கொள்வதோடு நமது படிப்பு முடிந்துவிடவில்லை. அதில் என்றுமே எழுதப்படாத ஒரு பெயர் உண்டு. நாற்காலிக்குப் பின்னால் நின்று, அந்தப் புகையை நாள்தோறும் சுவாசிக்கும் பெண்ணின் பெயர் அது. எச்சட்டத்தையும் மதிப்பிட முனையும்போது, அவளது மூச்சுக்கு அது என்ன செய்தது என்று முதலிற் கேட்போமாக.